வார்டனின் மாஸ்டர் சாவி: லினக்ஸ் கெர்னலில் ஒரே வேலை முப்பது இடத்தில் எழுதப்பட்ட கதை

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, கெர்னல்தானே எல்லாத்துக்கும் ராஜா? ஒரு புரோகிராமோட நினைவகத்துல இருந்து நாலு பைட் எடுக்க எதுக்குத் தனியா ஒரு ஃபங்ஷன்? மெம்காப்பி போட்டா போதாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்துவிட்டது. "அதெல்லாம் பழைய டூப்ளிகேட் கோடுப்பா. 2017லயே எல்லா பிராசஸருக்கும் சேர்த்து ஒண்ணாக்கிட்டாங்க. வேகமும் கூடிடுச்சு."

கேள்வி நியாயமானது. பதில்தான் அரைகுறை. 2017இல் ஒன்றாக்கினார்கள் என்பது உண்மை. எதை ஒன்றாக்கினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பேச்சை இதே மாதிரி பல இடங்களில் கேட்டுவிட்டேன் என்பதால் நிதானமாக எழுதிவைக்கிறேன். சி மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். தெரியாவிட்டாலும் பெரும்பகுதி புரியும்.

முதலில் ஒரு ஹாஸ்டல்

பெரிய ஹாஸ்டல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் அவரவர் அறைக்குள் மட்டும் போகலாம். வார்டனிடம் மாஸ்டர் சாவி இருக்கிறது. அது எல்லாப் பூட்டையும் திறக்கும், ஆபீஸ் பீரோ உட்பட. மாணவருக்கு ஆபீஸில் ஒரு வேலை ஆக வேண்டும் என்றால் அவர் உள்ளே வரக் கூடாது. ஜன்னல் வழியாக ஒரு சீட்டை நீட்டுவார்: "அறை 14, மேல் தட்டில் உள்ள பத்து நோட்டுகளை எடுத்துவந்து சீல் வைத்துக் கொடுக்கவும்."

வார்டன் நல்ல மனிதர். ஆனால் சீட்டில் இருப்பதை அப்படியே செய்பவர். விஷமக்காரப் பையன் ஒருவன் அறை 14 என்று எழுதாமல் ஆபீஸ் பீரோவின் எண்ணை எழுதிவிட்டால்? மாஸ்டர் சாவி அதையும் திறக்கும். வார்டனும் உள்ளே இருந்ததை எடுத்து, சீல் வைத்து, "இந்தாப்பா" என்று ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவார். பையனால் திறக்க முடியாத பீரோவை வார்டனின் கையே திறந்துவிட்டது.

அடுத்து இன்னொரு சங்கடம். சீட்டு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அறை 14இல் மேல் தட்டே இல்லை. வார்டன் இருட்டில் கையை நீட்டி, தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் அன்றைக்கு ஹாஸ்டலே மூடிக் கிடக்கும். ஒரு மாணவனின் தப்பான சீட்டுக்கு எல்லோரும் பட்டினி.

மூன்றாவது சங்கடம் கண்ணில் படாதது. வார்டன் ஒரு பழைய கூடையை எடுத்துக்கொண்டு போகிறார். பத்து நோட்டுக்கு மூன்றுதான் கிடைத்தது. கூடையின் அடியில் காலையில் வேறு மாணவனுக்காக எடுத்த காகிதங்கள் கிடக்கின்றன. பார்க்காமல் கூடையை அப்படியே கொடுத்துவிட்டால் ஒருவனுடைய கடிதம் இன்னொருவன் கையில்.

இனி உவமையைக் கணினிக்கு மாற்றலாம். இயங்குதளத்தின் மையத்தில் அமர்ந்து நினைவகம், வட்டு, வலையமைப்பு எல்லாவற்றையும் ஆளும் நிரல்தான் கெர்னல், அதுதான் வார்டன். நாம் ஓட்டும் பிரவுசர், பாட்டுப் பெட்டி போன்றவை மாணவர்கள். அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பயனர் நினைவகம். ஜன்னலுக்குப் பெயர் சிஸ்டம் கால், அதாவது புரோகிராம் ஒன்று கெர்னலிடம் வேலை கேட்கும் முறை. சீட்டில் எழுதும் அறை எண்தான் முகவரி. கோப்பில் எழுதச் சொல்லும் ரைட் என்ற சிஸ்டம் காலையே எடுத்துக்கொள்ளுங்கள்: "இந்த முகவரியில் தொடங்கி இத்தனை பைட்டை எடுத்து இந்தக் கோப்பில் எழுது." சீட்டேதான்.

மெம்காப்பி ஏன் போதாது

மெம்காப்பி என்பது இங்கே இருப்பதை அங்கே நகலெடுக்கும் சாதாரண ஃபங்ஷன். அதற்குச் சந்தேகம் கிடையாது. கொடுத்த முகவரியை நம்பும். அதனால் லினக்ஸில் பயனர் நினைவகத்திலிருந்து எடுக்க காப்பி ஃப்ரம் யூசர் என்று ஒன்று, அங்கே கொண்டுபோய் வைக்க காப்பி டு யூசர் என்று ஒன்று. ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுக்கவும் வைக்கவும் கெட் யூசர், புட் யூசர். ஹாஸ்டலில் பார்த்த மூன்று சங்கடங்களுக்கும் பதில் இவற்றுக்குள் இருக்கிறது.

பீரோ பிரச்சினைக்கு முகவரிச் சோதனை. கொடுத்த முகவரியும் நீளமும் பயனர் பகுதிக்குள்ளேயே அடங்குகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். இதன் பெயர் ஆக்சஸ் ஓகே. அந்த இடத்தில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று இது பார்ப்பதில்லை. எண் கெர்னல் பக்கம் விழுகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

கால் முறியும் பிரச்சினைக்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. நினைவகத்தைப் பக்கம் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். அதில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் பிராசஸர் வேலையை நிறுத்தி கெர்னலைக் கூப்பிடும்; இதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். அந்தப் பக்கம் வட்டில் இருந்தால் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலை தொடரும், ஒன்றும் கெட்டுப்போகாது. எங்குமே இல்லாத பக்கம் என்றால்தான் சிக்கல். சாதாரணமாகக் கெர்னல் கோடு இப்படி ஒரு தப்பான முகவரியைத் தொட்டால் அது கெர்னலின் பிழை, இயந்திரமே நின்றுபோகலாம். ஆனால் நகலெடுக்கும் கட்டளைகள் மட்டும் முன்கூட்டியே ஒரு பட்டியலில் பதிந்திருக்கும்: "இந்தக் கட்டளையில் தடுக்கினால் அந்த இடத்துக்குப் போ." இதுதான் எக்ஸெப்ஷன் டேபிள். ஃபால்ட் வந்ததும் கெர்னல் இந்தப் பட்டியலைப் பார்க்கிறது. இருந்தால் சொன்ன இடத்துக்குத் தாவி, நகலெடுப்பதை நாகரிகமாக முடித்துக்கொள்கிறது. தடுக்காத வரை இந்தப் பட்டியலை யாரும் திறப்பதே இல்லை என்பதால் வழக்கமான பாதையில் செலவும் இல்லை. 1990களின் நடுவில், 2.1 வரிசைக் கெர்னல்களில் வந்த யோசனை இது. எனக்கு இன்றும் பிடித்தது.

கூடைப் பிரச்சினையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு புரோகிராம் 5000 பைட் எடுக்கச் சொல்கிறது. முகவரி ஒரு பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. பக்கத்தின் அளவு 4096 பைட். முதல் பக்கம் இருக்கிறது, அடுத்தது இல்லை. 4096 பைட் வந்து சேர்ந்தபின் ஃபால்ட், பட்டியல், தாவல். இப்போது இரண்டு காரியம் நடக்க வேண்டும். கெர்னலின் கூடையில் நிரம்பாத 904 பைட்டையும் பூஜ்ஜியமாக்க வேண்டும். "904 பாக்கி" என்று அழைத்தவரிடம் சொல்லவும் வேண்டும்.

ஆம், திரும்பி வருவது பாக்கியின் எண்ணிக்கை. வெற்றி என்றால் பூஜ்ஜியம், தோல்வி என்றால் நேர்மறை எண். கெர்னலில் மற்ற பெரும்பாலான ஃபங்ஷன்கள் தோல்விக்கு எதிர்மறை எண்ணைத் தருபவை. அந்தப் பழக்கத்தில் நான் எழுதிய முதல் டிரைவரில் (ஒரு கருவியை இயக்கும் கெர்னல் நிரல்) "பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் பிழை" என்று சோதித்து வைத்திருந்தேன். பாக்கி எண் ஒருநாளும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாதே! தப்பான முகவரி கொடுத்த சோதனை நிரலுக்கெல்லாம் என் டிரைவர் "ஆயிற்று" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது ஒரு எல்இடி பலகையை ஓட்டும் டிரைவர். பலகை திடீர் திடீரென்று இருண்டது. இரண்டு நாள் மின் இணைப்பைச் சந்தேகப்பட்டுக் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தேன். பலகைக்குப் போனது பூஜ்ஜியங்கள். அவை பூஜ்ஜியங்களாக இருந்ததால்தான், கெர்னல் நினைவகத்தில் கிடந்த வேறு யாருடைய பழைய தரவும் பலகையில் ஓடவில்லை. என் முட்டாள்தனத்தை அந்த 'கூடை துடைக்கும்' விதி மூடி மறைத்தது.

இதுவரை பார்த்ததன் சாரம் இவ்வளவுதான்: பயனர் நினைவகத்தைத் தொடும் ஃபங்ஷன் மூன்று வாக்குக் கொடுக்கிறது. முகவரியைச் சோதிப்பேன், தடுக்கினாலும் விழமாட்டேன், நிரம்பாத இடத்தைத் துடைப்பேன். மெம்காப்பி இவற்றில் ஒன்றைக்கூடத் தராது.

பூட்டு வேறு வேறு

இப்போது ஹாஸ்டல் நிர்வாகம் வளர்ந்து முப்பது கட்டடங்கள் ஆகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் திண்டுக்கல் பூட்டு, ஒன்றில் எண் பூட்டு, இன்னொன்றில் அட்டை தேய்த்தால் திறக்கும் கதவு. கட்டளைத் தொகுப்பும் நினைவக ஏற்பாடும் பிராசஸருக்குப் பிராசஸர் மாறும். அந்த ஒவ்வொரு வகைக்கும் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். மேசைக் கணினியில் எக்ஸ்86, கைப்பேசியில் ஆர்ம், மெயின்ஃபிரேமில் ஐபிஎம்மின் எஸ்390. 2017 வாக்கில் லினக்ஸ் மூலநிரலில் ஆர்க்கிடெக்சர்களுக்கான அடைவுகள் சுமார் முப்பது.

பூட்டுகள் எந்த அளவுக்கு வேறுபடும் என்றால், எக்ஸ்86இல் கெர்னலும் பயனரும் ஒரே முகவரி வெளியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கீழ்ப்பகுதி பயனருக்கு, மேல்பகுதி கெர்னலுக்கு. புதிய இன்டெல் சில்லுகளில் ஸ்மாப் என்றொரு காவல் உண்டு. கெர்னல்கூடப் பயனர் பகுதியைச் சும்மா தொட முடியாது. தொடுமுன் ஒரு கட்டளையால் காவலை விலக்கி, முடிந்ததும் இன்னொரு கட்டளையால் திரும்பப் போட வேண்டும். எஸ்390இல் கதையே வேறு. அங்கே கெர்னலுக்கும் பயனருக்கும் தனித்தனி முகவரி வெளிகள். ஒரே எண் இரண்டு பக்கமும் வெவ்வேறு இடத்தைக் குறிக்கும். அதனால் "இந்த எண் யார் பக்கம்?" என்ற சோதனைக்கே அங்கே பொருளில்லை. பயனர் வெளியிலிருந்து எடுக்கவென்றே தனிக் கட்டளை இருக்கிறது. பழைய அமிகா, மேக்கின்டாஷ் கணினிகளில் இருந்த மோட்டரோலா 68000 குடும்பத்திலும் அதே போல ஒரு தனிக் கட்டளை. 64 பிட் ஆர்மில் "நான் கெர்னல் என்பதை மறந்துவிடு, பயனரின் உரிமையோடு மட்டும் இதைப் படி" என்று பிராசஸரிடமே சொல்லும் கட்டளை.

இவற்றை ஒன்றாக்கவே முடியாது. ஒன்றாக்கவும் இல்லை. நாற்காலிக்கார நண்பருக்கு முதல் மறுப்பு இதுதான்.

முப்பது நகல் இருந்தால் என்ன ஆகும்

பிறகு எதைத்தான் ஒன்றாக்கினார்கள்? லினக்ஸ் வளர்ந்த விதத்தில் ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரின் அடைவிலும் யூ ஆக்சஸ் என்றொரு தலைப்புக் கோப்பு உண்டு. புதிய பிராசஸர் ஒன்றுக்கு லினக்ஸைக் கொண்டுவருபவர் பழைய ஒன்றின் கோப்பை நகலெடுத்து, தன் கட்டளைகளுக்கு மாற்றி எழுதிக்கொள்வார். அந்தக் கோப்பில் பூட்டு திறக்கும் பகுதியோடு மூன்று வாக்குகளும் சேர்ந்தே இருந்தன. ஆக, முப்பது கட்டடத்திலும் முப்பது விதிப்புத்தகம், ஒவ்வொன்றும் கையால் எழுதியது. கூடை துடைக்கும் விதி சில இடங்களில் பிராசஸரின் கட்டளைகளையே ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியில், ஃபால்ட் வந்தால் தாவும் இடத்துக்குள்ளேயே புதைந்து கிடந்தது. படித்துப் புரிந்துகொள்வதே ஒரு வேலை.

கையால் எழுதிய முப்பது நகலில் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது ஆர்மில். பழைய ஆர்ம் பிராசஸர்களில் கெட் யூசர், புட் யூசர் இரண்டும் வெளிப்படையாக முகவரியைச் சோதிக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை, "பயனர் உரிமையோடு படி" என்ற கட்டளையைப் பயன்படுத்தியதால் சோதனையைச் சில்லே பார்த்துக்கொண்டது. பிறகு வி6கே, வி7 தலைமுறைகளுக்கான கெர்னலில் அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, சாதாரணப் படிக்கும் கட்டளைக்கு மாறினார்கள். பூட்டு மாறியது. பூட்டோடு சேர்ந்து சோதனையும் போனதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு செயலி கெர்னல் முகவரியையே சீட்டில் எழுதி நீட்டலாம். வார்டன் பீரோவைத் திறந்து கொடுப்பார், வேண்டுமானால் பீரோவுக்குள் எழுதியும் வைப்பார். 2012இல் திருத்தம் வந்தது. ஆனால் திருத்தம் போய்ச் சேராத ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் ஏராளம். 2013 அக்டோபர், நவம்பரில் இந்த ஓட்டையைப் பயன்படுத்திய தாக்குதல்கள் நிஜமாகவே நடந்தன. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2013-6282 என்பது அதன் பதிவு எண். அதே காலத்து எக்ஸ்86 கெர்னலில் சோதனை ஒழுங்காக இருந்தது. ஒரே பெயர், ஒரே வாக்கு, கட்டடத்துக்குக் கட்டடம் வேறு நடத்தை.

இரண்டாவது, 2016 செப்டம்பரில். கெர்னலின் கோப்பு முறைப் பகுதியைப் பராமரிக்கும் அல் வைரோ ஆர்க்கிடெக்சர் ஆர்க்கிடெக்சராக இந்தக் கோப்புகளை உட்கார்ந்து படித்தார். கூடை துடைக்கும் விதி ஏகப்பட்ட இடங்களில் ஓட்டை. முகவரிச் சோதனை தோற்றால் துடைக்காமலே திரும்புவது ஒரு ரகம். பாதியில் நின்றால் துடைக்காமல் விடுவது இன்னொரு ரகம். ஓபன்ரிஸ்க், மைக்ரோபிளேஸ், பிளாக்ஃபின், மெட்டாக் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருத்தம். "புதிதாக வருபவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்" என்று வைத்திருந்த பொது மாதிரிக் கோப்பிலேயே இதே தப்பு இருந்தது என்பதுதான் இதில் உச்சம். மாதிரி விடைத்தாளே தப்பு!

மூன்றாவது பிழையல்ல, ஒரு நல்ல காரியம். ஆனால் படுத்திய பாடு அதிகம். 2016இல் வந்த 4.8 பதிப்பில் ஹார்டன்டு யூசர்காப்பி என்ற பாதுகாப்பைச் சேர்த்தார்கள். கெர்னல் பக்கக் கூடையின் உண்மையான கொள்ளளவைவிட அதிகமாக நகலெடுக்கச் சொன்னால் தடுக்கும் சோதனை அது. கெர்னல் நிரலாளர் கீஸ் குக் முன்னெடுத்த வேலை. எழுத வேண்டியது அநேகமாக ஒரே ஒரு வரி: நகலெடுக்குமுன் அந்தச் சோதனையைக் கூப்பிடு. அதைப் புகுத்த எக்ஸ்86, ஆர்ம், 64 பிட் ஆர்ம், ஐஏ64, பவர்பிசி, ஸ்பார்க், எஸ்390 என்று ஏழு ஆர்க்கிடெக்சர்களில் ஏழு தனித்தனித் திருத்தங்கள். மற்ற கட்டடங்களுக்கு அப்போது அந்தப் பாதுகாப்பே இல்லை.

இடையில் ஒரு சுருக்கம்: நகலெடுக்கும் கை இடத்துக்கு இடம் வேறுபடுவது இயல்பு. சிக்கல், எங்கும் ஒன்றாக இருக்க வேண்டிய விதியும் அந்தக் கையோடு ஒட்டிக்கொண்டு முப்பது நகலானதில்.

2017: விதிப்புத்தகம் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது

அடுத்த ஆண்டு அல் வைரோ செய்தது ஓர் அறுவைச் சிகிச்சை. ஒட்டிக்கொண்டிருந்த இரண்டையும் பிரித்தார். ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் இனி தர வேண்டியது ரா காப்பி ஃப்ரம் யூசர், ரா காப்பி டு யூசர் என்ற இரண்டு பச்சை ஃபங்ஷன்கள். பச்சை என்றால் சமைக்காதது: முகவரிச் சோதனை கிடையாது, துடைப்பது கிடையாது. உன் பூட்டை உன் முறையில் திற, முடிந்தவரை நகலெடு, தடுக்கினால் எக்ஸெப்ஷன் டேபிள் வழியாகத் தப்பி வா, எத்தனை பாக்கி என்று சொல். அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான ஒரே கோப்பில். பொதுவான காப்பி ஃப்ரம் யூசர் செய்வதைத் தமிழில் எழுதினால் ஏழெட்டு வரிதான். பாக்கி என்பதை முழு நீளமாக வைத்துக்கொள். கூடையின் கொள்ளளவைப் பார். தூங்கக் கூடாத இடத்திலிருந்து யாராவது கூப்பிட்டிருந்தால் எச்சரி, ஏனென்றால் வட்டிலிருந்து பக்கம் வரும்வரை காத்திருக்க நேரலாம். முகவரி பயனர் பகுதிக்குள் இருந்தால் மட்டும் பச்சை ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது சொல்லும் பாக்கியை வாங்கிக்கொள். பாக்கி ஏதாவது இருந்தால் கூடையின் கடைசியில் அத்தனை பைட்டைப் பூஜ்ஜியமாக்கு. பாக்கியைத் திருப்பிக் கொடு.

முகவரிச் சோதனை தோற்றால் என்ன ஆகிறது பாருங்கள். பாக்கி முழு நீளமாகவே நிற்கிறது. கீழே வந்ததும் கூடை முழுவதும் துடைபடுகிறது. 2016இல் ஒவ்வொரு கட்டடமாகப் போய்த் திருத்திய இரண்டு ரகத் தப்புகளையும் இந்த வடிவத்தில் எழுதவே வழியில்லை.

முப்பது ஆர்க்கிடெக்சரை ஒரே ராத்திரியில் மாற்ற முடியாது என்பதால் இடைக்காலத்துக்கு ஓர் அமைவுக் குறி வைத்தார்கள்: "நான் புது முறைக்கு மாறிவிட்டேன்." மாறியவர்கள் பொதுக் கோப்பை எடுத்துக்கொள்வார்கள், மாறாதவர்கள் தங்கள் பழைய கோப்போடு ஓடுவார்கள். கடைசி ஆளும் மாறியதும் அந்தக் குறியையே தூக்கிவிட்டார்கள். 2017 ஜூலையில் வெளிவந்த 4.12 பதிப்பில் இது முழுசாக இருந்தது. அதே பதிப்பில் ஏவிஆர்32 என்ற ஆர்க்கிடெக்சர் லினக்ஸிலிருந்து விடைபெற்றது. அடுத்த ஆண்டு பிளாக்ஃபின், மெட்டாக் உள்ளிட்ட இன்னும் எட்டு. திருத்தி முடித்ததும் போய்ச் சேர்ந்தார்களே என்று அல் வைரோ நினைத்திருப்பாரோ என்னவோ.

ஒரு கூட்டல் கணக்கு

2017இல் எல்லாமே முடிந்துவிடவில்லை. முகவரிச் சோதனை, அதாவது ஆக்சஸ் ஓகே, அப்போதும் ஒவ்வொரு கட்டடத்திலும் தனித்தனியாகவே எழுதப்பட்டிருந்தது. இது என்ன பெரிய வித்தை என்று தோன்றும்: முகவரியோடு நீளத்தைக் கூட்டு, எல்லையைத் தாண்டினால் மறு.

32 பிட் இயந்திரம் ஒன்றில் இதைப் போட்டுப் பார்ப்போம். பயனர் பகுதி 3 ஜிபி வரை. எல்லை ஏறத்தாழ 322 கோடி. விஷமக்காரப் புரோகிராம் தரும் முகவரி 400 கோடி, அதாவது எல்லைக்கு மேலே, கெர்னல் பகுதி. நீளம் 40 கோடி. கூட்டினால் 440 கோடி, மறுக்க வேண்டும். ஆனால் 32 பிட்டில் 429,49,67,295க்கு மேல் எண்ணே கிடையாது. கார் மீட்டர் 99999இலிருந்து 00000க்குத் திரும்புவதுபோல் கூட்டல் சுற்றிக்கொண்டு 10,50,32,704 என்று நிற்கும். பத்துக் கோடி எல்லைக்குள்தானே இருக்கிறது, போகலாம் என்று காவலர் கதவைத் திறந்துவிடுவார்.

சரியான கணக்குக் கூட்டலைத் தவிர்ப்பது. முதலில் நீளம் எல்லையைவிடச் சிறியதா என்று பார். பிறகு எல்லையிலிருந்து நீளத்தைக் கழி: 322இல் 40 போக 282 கோடி. முகவரி அதற்குள் இருக்கிறதா? 400 கோடி இல்லை. வெளியே போ.

பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆனாலும் 2022இல் ஆர்ன்ட் பெர்க்மன் என்ற கெர்னல் நிரலாளர் எல்லா ஆக்சஸ் ஓகேக்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது சிஸ்கை, ஹெக்ஸகன், மைக்ரோபிளேஸ் மூன்றிலும் இந்தச் சுற்றல் தப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. அவற்றைத் திருத்தியதோடு நிற்காமல், பெரும்பாலோருக்கும் பொருந்தும் ஒரே சோதனையாக அதையும் பொது இடத்துக்குக் கொண்டுவந்தார். தனி முகவரி வெளி உள்ள எஸ்390 போன்றவை மட்டும் "எங்களுக்கு இது தேவையில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த மாற்றம் வந்த அதே 5.18 பதிப்பில் செட் எஃப்எஸ் என்ற இன்னொரு பழைய சாமானும் போய்ச் சேர்ந்தது. லினக்ஸின் தொடக்க காலத்தில் 386 சில்லின் எஃப்எஸ் என்ற பதிவகம் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) பயனர் பகுதியைச் சுட்டிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். பதிவகத்தின் அந்த வேலை 1990களிலேயே முடிந்துவிட்டது. பெயர் மட்டும் கால் நூற்றாண்டு ஓடியது. "கொஞ்ச நேரம் பீரோவையும் மாணவர் அறையாகவே நினைத்துக்கொள்" என்று வார்டனிடம் சொல்லும் ஃபங்ஷன் அது. சொல்லிவிட்டு, பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

வேகம் கூடியதா, வரி குறைந்ததா

வரி குறைந்தது உண்மை. வேகம் கூட என்ன காரணம்? பைட்டை நகர்த்தும் கட்டளைகள் முன்பு இருந்த அதே இடத்தில், அதே ஆர்க்கிடெக்சர்க்காரர்கள் செதுக்கியபடி இருக்கின்றன. நகலெடுக்கும் நிரல்வரிகளை அழைக்கும் இடத்திலேயே விரித்து வைப்பதா, தனி ஃபங்ஷனாக வைத்துக் கூப்பிடுவதா என்பதைக்கூட அவரவர் தேர்வுக்கே விட்டிருக்கிறார்கள். ஒன்றாக்கியது வேகத்துக்காக இல்லை. அடுத்த முறை ஒரு ஹார்டன்டு யூசர்காப்பி வந்தால் ஏழு இடத்துக்கு அலையாமல் ஒரே இடத்தில் எழுதுவதற்காக.

இது எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். முகவரிச் சோதனையை வெளியே ஒரே தடவை செய்துவிட்டு, உள்ளே சோதனையில்லாமல் பல எண்களை வேகமாக எழுத ஒரு குறுக்கு வழி உண்டு. அன்சேஃப் புட் யூசர் என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 2017இல் வந்த 4.13 பதிப்பில் வெயிட்ஐடி என்ற சிஸ்டம் காலை இந்த வழிக்கு மாற்றியபோது, வெளியே செய்ய வேண்டிய அந்த ஒரு சோதனை விடுபட்டுப்போயிற்று. எந்தப் புரோகிராமும் கெர்னல் முகவரியில் எழுதவைக்கலாம் என்ற நிலை. அந்த ஆண்டு அக்டோபரில் பிடித்துத் திருத்திவிட்டார்கள். பொது விதிப்புத்தகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதைத் திறக்காமலே பின்வாசல் வழியாகப் போகிறவரை அது தடுக்காது.

தம்பிக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மணி ஏழு. அவன் கடைசியாக ஒன்று கேட்டான்: "அப்போ புதுசா ஒரு பிராசஸர் வந்தா அவங்க என்னண்ணா எழுதணும்?" ரிஸ்க்-வி அடைவைத் திறந்து காட்டினேன். 2018 ஜனவரியில், 4.15 பதிப்பில், ஒன்றாக்கல் முடிந்து ஆறேழு மாதத்தில் லினக்ஸுக்குள் வந்த ஆர்க்கிடெக்சர் அது. நகலெடுக்கும் அசெம்பிளி கொஞ்சம், எக்ஸெப்ஷன் டேபிளில் அதற்கான பதிவுகள், அதைக் கூப்பிடும் இரண்டு பச்சை ஃபங்ஷன்கள். காப்பி ஃப்ரம் யூசர் என்ற பெயரில் துடைக்கும் கோடு எங்கே என்று அந்த அடைவு முழுக்கத் தேடினான். கிடைக்கவில்லை.